பெர்கனுக்குப் போகிறவள்

"அது மேல உக்காராதீங்க..."

மழைச் சத்தத்தில் அது தனக்குச் சொன்னதென்று முத்துமீனாவுக்குத் தெரியவில்லை. மதுரை கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிடித்துக்கொண்ட மழை. செருப்புக் கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கியவள், கால் கடுக்க, அங்கிருந்த நீலப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களத்தாங்க. உள்ள அம்புட்டும் மாட்டுத் தடுப்பூசி."

துள்ளி எழுந்தாள். நெற்றியில் வழிகிற நீரைத் துடைக்கக்கூட மறந்து ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். குரலில்தான் கோபம்... கண்களில் இல்லை.

"பெட்டியில எழுதி வைக்கலாம்ல?" என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

"எழுதித்தான் இருக்கு. அதை மறைச்சுத்தான் உக்காந்திருந்தீங்க."

சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. மழையும் விடவில்லை. நார்வேயில், பெர்கன் என்ற ஊரில் கட்டட வடிவமைப்பாளராக இருப்பதையும் லீவில் ஊருக்கு வந்திருப்பதையும் சொன்னாள். அங்கே பாதி நாள் மழைதான்; ஆனால் யாரும் மழைக்கு ஒதுங்குவதில்லை, கோட்டை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். இத்தனை வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு இப்படி நின்று பேசியதே இல்லை... அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

மழை ஓய்ந்ததும் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பெயரைக் கேட்காத தன்னையே வீடு வரை திட்டிக்கொண்டு வந்தாள்.

கீழக்குயில்குடியில் கால்நடை முகாம் நடந்த அன்று, அதே நீலப் பெட்டி அவள் வீட்டு வாசலுக்கே வந்தது. டாக்டர் தமிழ்மாறன்! அப்பா கண்ணுச்சாமிக்கு அவனை நன்றாகத் தெரிந்திருந்தது. ஊரார் வயலில் கூலி வேலை செய்தே மகளைப் படிக்கவைத்தவர் அவர். இப்போது சொந்தமாக நிலமும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருந்தார். ஊசி போட்டு முடித்தவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

அதன்பின் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு அவன் அந்தப் பக்கம் வந்துபோனான். சம்பளம் எம்புட்டு என்று கேட்காத முதல் ஆள் அவன்தான். நீங்க கட்டினதிலேயே உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டான். வெறும் படிக்கட்டுகளையும் கழிப்பறைகளையும் வரைந்து தள்ளிய முதல் வருடங்கள்... பிறகு கிடைத்த ஒரு சின்ன நூலகம்... அதில் குழந்தைகளின் கண் உயரத்துக்கு வைத்த ஜன்னலைப் பற்றி வெகுநேரம் சொன்னாள். இப்போது மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூடம். முழுக்க அவளுடைய வடிவமைப்பு. அடுத்த மாதம் அஸ்திவாரம். தான் கட்டிய எதையும் தன் மனிதர்கள் போனில்தான் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

அங்கே இருந்தால் மனம் ஊரை ஒட்டிய சமணர் மலையைச் சுற்றும். இங்கே வந்தால் விரல்கள் பென்சிலைத் தேடும். எங்கேயும் பத்து நிமிடம் நிலையாக உட்கார முடியாதவள், அவன் பேசும்போது மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அதைக் கவனித்த கண்ணுச்சாமி, மகளை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணப் பேச்சை எடுத்து, அவள் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்துகொள்வாள் என்று தமிழ்மாறன் வீட்டில் சொல்லிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும், சாயங்காலம் தாமரைக் குளக்கரையில் அவனைப் பிடித்தாள். "நீங்க ஏன் என்கூட வரக்கூடாது?"

"அங்க நான் என்ன செய்யிறது? நீங்க வேலைக்குப் போக, நான் சமைச்சு வச்சுட்டு சன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

"அப்ப நான் மட்டும் இங்க உக்காந்திருக்கலாமா?"

கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அன்றிரவே டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டாள்.

அவன் வரவில்லை. அப்பாவும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவள் பெட்டி கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒன்னையக் கேக்காமப் பேசுனது தப்புத்தான், ஆத்தா. அந்த வேலைக்கு நீ எம்புட்டுக் கஷ்டப்பட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை, கால்கள் தாமாகவே அவளைத் திருப்பரங்குன்றம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. ஒரு கன்றுக்குட்டியின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். முகம் வாடி, கண்ணெல்லாம் சிவந்து...

"ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கட்டை முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

"விசாரிச்சேன்," என்றான் பிறகு. "அந்த ஊரு பாஷை படிச்சுப் பரீட்சை எழுதினா, அங்கயும் மாட்டு டாக்டரா இருக்கலாமாம். ரெண்டு மூணு வருசம் ஆகும். அதுவரைக்கும் உங்க சம்பளத்துலதான் சாப்பிடணும். நாலு நாளா அதைத்தான் முழுங்கப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"முழுங்கியாச்சா?"

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு நீங்க திரும்பிப் பாக்காமப் போனீங்களே... அதை விடக் கஷ்டம் இல்ல." அவன் குரல் இறங்கியது. "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு மீனா. உங்க வேலையோட சேத்துத்தான். பாஸ்போர்ட்டுக்குப் போட்டுட்டேன். பள்ளிக்கூடம் தெறக்கையில வரட்டுமா?"

அவள் கண்கள் நிறைந்தன.

"பாத்துட்டு உடனே திரும்பிருவீங்களா?"

"நீங்க போகச் சொன்னா."

"சொல்ல மாட்டேன்," என்றாள் முத்துமீனா. "வாங்க... எனக்கு நீங்க வேணும்."