சிவப்புக் கோடும் பர்மாத் தேக்கும்

"அது தப்பு, சார்!"

ஹாலித் திடுக்கிட்டுத் திரும்பினான். திடீர் மழைக்கு மரக்கடைத் தெருவின் ஒரு மர டிப்போவுக்குள் ஒதுங்கியவன், லேப்டாப் நனைந்துவிட்டதா என்று திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அவன் ஆய்வின் வரைபடம். பின்னால் ஒரு பெண். கையில் அளவு டேப், பச்சைத் துப்பட்டாவில் மரத்தூள். கண்கள்... மழையைவிடச் சுறுசுறுப்பான கண்கள்!

"எதுங்க தப்பு? சிவப்புக் கோடு இந்தியா, நீலக் கோடு வியட்நாம். ரெண்டு நாடும் இருபது வருஷமா இறக்குமதி செஞ்ச அறுத்த மரத்தோட மதிப்பு. என்னோட பிஎச்.டி!"

"கோடு சரிதான். 'இந்தியாவில் மரத்தேவை திடீர் உயர்வு'ன்னு கீழே எழுதியிருக்கீங்களே... அதுதான் தப்பு. ரெண்டாயிரத்துப் பதினாலுல பர்மாவுல முழுத்தடி ஏத்துமதிக்குத் தடை போட்டாங்க. அதுவரைக்கும் தடியா வந்துச்சு, இங்க அறுத்தோம். அப்புறம் அறுத்தே அனுப்புனாங்க. அதான் கோடு ஏறுது. தடிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அவனுக்குக் காது சூடானது.

"மேடம் எக்கனாமிக்ஸோ?"

"பி.காம். கரஸ்பாண்டன்ஸ்ல. மீதியெல்லாம் இந்த அறுப்பு மெஷின்கிட்ட படிச்சது." சிரித்தாள். "என் பேரு பஸீலா. வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

உள்ளே, அவன் தோளுயரத்துக்கு ஒரு தேக்குத் தடி படுத்திருந்தது. தடைக்கு முன் வந்த கடைசி பர்மாத் தடி. விற்க அவள் தகப்பனாருக்கு, அவள் வார்த்தையில் அத்தாவுக்கு, மனம் வரவில்லையாம். ஈரம்பட்ட முகப்பில் பொன்னிற வளையங்கள்... ஒன்றுக்குள் ஒன்றாக... நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியவன் திணறி நிறுத்தினான். எத்தனை மழைகள்! எந்தக் காட்டிலோ, இருவரும் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு பெய்தவை...

"மாஷா அல்லாஹ்..." என்றான், மெல்ல.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் சந்தேகம் கேட்கும் சாக்கில் வந்தான். அவள் சொன்னபடியே தடிக் கணக்கையும் சேர்த்தான். சிவப்புக் கோட்டின் குதிப்பு அடங்கியது. ஸ்ரீரங்கத்தில், கைடு கோதைநாயகி மேடம் வீட்டில் அதைக் காட்டியபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நன்னா இருக்கு ஹாலித்! நீயே கண்டுபிடிச்சதா?"

"ஆமா மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் அந்தப் பொய் நெஞ்சில் கனத்தது. ஒரு மரவாடிப் பெண் சொல்லிக் கொடுத்தாள் என்று ஒப்புக்கொள்ள விடாத அளவுக்குக் கௌரவமா? மூன்று நாள் மரக்கடைப் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் மாலை டிப்போ வாசலில் நின்றான். நடந்ததைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னான்.

பஸீலாவின் முகம் சுருங்கியது. "ஓ... நான் சொன்னதுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சாக்கும்? நல்லது. போயிட்டு வாங்க சார்."

"முழுசாக் கேளுங்க... காலைல மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். நல்லாத் திட்டு வாங்கினேன். இதைப் பாருங்க."

அவன் நீட்டிய ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர்: பஸீலா, மரக்கடை, திருச்சி. அவள் விரலால் அதைத் தடவினாள். அடுத்த பக்கத்தில் சிவப்புக் கோடு. வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தா இறக்குன மரமெல்லாம்... இந்தக் கோட்டுக்குள்ள இருக்கா?"

"இருக்கு. ஒண்ணு விடாம."

அவள் கண்கள் நிறைந்தன. அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேற ஏதாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு..." என்றான். "உங்களைப் பிடிச்சிருக்கு, பஸீலா. சந்தேகமெல்லாம் முதல் வாரமே தீர்ந்துடுச்சு. அப்புறம் வந்ததெல்லாம்... உங்களைப் பார்க்கத்தான்."

"தெரியும்" என்றாள், தரையைப் பார்த்தபடி. காதோரம் சிவந்திருந்தது.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அத்தா அஸர் தொழப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க. போயிடாதீங்க... இப்ப என்கிட்ட சொன்னீங்கள்ல, அதை அவங்ககிட்டயும் சொல்லணும்."