மாமன் கார்

கிருஷ்ணமணி காலை எடுத்துவிட்டார். ஆக்ஸிலேட்டர் மேலே வரவில்லை.

வடசேரிச் சந்தையில் இலைக்கும் காய்கறிக்கும் சொல்லிவிட்டுத் தோவாளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளமடம் தாண்டியதும் முன்னால் பூ ஏற்றிப்போன ஒரு மினி லாரி வேகத்தைக் குறைத்தது. அவரும் குறைக்க நினைத்தார். வலது கால் பெடலை விட்டு விலகித்தான் இருந்தது. பெடல் மட்டும், யாரோ அளவறிந்து அழுத்திப் பிடித்திருப்பதுபோலப் பாதித் தாழ்வில் நின்றது. கணவாயிலிருந்து இறங்கிவரும் காற்று கண்ணாடி இடுக்கில் சீழ்க்கை அடிக்க, லாரியின் பிச்சிப்பூ மணம் காருக்குள் வந்து நிறைய, லாரியின் பின்பலகை கண்முன் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்த பிறகுதான் பெடல் எழுந்தது. அதுவும் சட்டென்று எழவில்லை. ஒரு மனிதன் காலை எடுப்பதுபோல மெல்ல, மனமில்லாமல் எழுந்தது.

மீட்டர் பலகையில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது. குரூஸ் கன்ட்ரோல். நீண்ட சாலையில் ஓட்டுகிறவன் காலுக்கு ஓய்வு கொடுக்க, வண்டி தானே ஒரு வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் வசதி. அதன் பொத்தான் ஸ்டியரிங்கில் இருந்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை.

கார் அவருடையதல்ல. மனைவி தாணம்மாளின் தம்பி முருகதாஸ், துபாய் வேலையை விட்டு வந்தபோது வாங்கிய பழைய ஜப்பான் கார். அவன் இறந்த பிறகு கிருஷ்ணமணியின் வீட்டு முற்றத்தில் உறை போட்டு நின்றது. அதை வெளியே எடுக்க வைத்தவர் சம்பந்தி. ஞாயிற்றுக்கிழமை மகள் ரேஷ்மிக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று, இரண்டு வீட்டாரும் நிறைந்த சபையில் அவர் சொன்னார்: "பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லாத கொறை தெரியாண்டாம். மாமன் கார் நிக்குதுல்லா? பொண்ணு அதுல வரட்டு." அதே சபையில் கிருஷ்ணமணி தலையாட்டினார்.

ஆட்டாமலிருக்க வழியில்லை. முருகதாஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில், சொந்தபந்தம் சூழ இறந்ததாகத்தான் அவர் ஊருக்குச் சொல்லியிருந்தார். அவன் இறந்தது இந்த இருக்கையில், கணவாய்ப் பக்கத்து நாலுவழிச் சாலையில், நெஞ்சடைத்து. குரூஸ் கன்ட்ரோல் பிடித்திருந்த வேகத்தில் பிணத்தோடு ஓடிய வண்டி, பெட்ரோல் தீர்ந்த இடத்தில் ஓரமாக நின்றது. ஒரு கீறல் இல்லை. முப்பந்தலிலேயே தலை தோளில் சரிந்துவிட்டது என்று பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னார். முப்பந்தலிலிருந்து வண்டி நின்ற இடம்வரை சாலை நேராகப் போகவில்லை. நடுவில் வளைவு உண்டு. கிருஷ்ணமணி அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை. நடுரோட்டில் நாதியற்றுச் செத்தான் என்றொரு பேச்சு தன் குடும்பத்தைப்பற்றி எழக்கூடாது. எழ விடமாட்டார். இப்போது வாடகைக் காரில் பெண்ணை அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கிளறுவார்கள்.

பார்வதிபுரத்தில் சஜினின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். ஷார்ஜாவில் இருந்து திரும்பியவன். கைக்குச் சமமாக வாயும் ஓடும்.

"சவத்து வண்டி அண்ணாச்சி இது," என்று பானெட்டைத் தூக்கினான்.

"நாக்க அடக்கிப் பேசு மக்கா. கல்யாணப் பொண்ணு ஏறப்போற வண்டி."

"கோவப்படாதீங்க. இஞ்ச பாருங்க, இது பழைய டைப்பு. இந்த டப்பா காத்த உறிஞ்சும், கம்பிய வலிக்கும். கம்பி போயி ஆக்ஸிலேட்டர வலிக்கும். அப்பம் பெடல் தானாத் தாழும். மொதல்ல பாக்கவனுக்குப் பேய் மிதிக்க மாரி இருக்கும். ஷார்ஜாவுல ஒரு அரபிப் பய இதப் பாத்துட்டு ஓடுத வண்டில இருந்து குதிக்கப் போய்ட்டான், கேட்டியளா?"

கிருஷ்ணமணி ஸ்டியரிங்கைக் காட்டினார். "நான் பொத்தானத் தொடல."

"சுவிட்சு கிறுக்கா இருக்கும். பாத்துருவோம்."

பார்த்தான். பிரேக்கை மிதித்தால் தொடர்பை அறுக்கும் சுவிட்சைக் கழற்றி, விளக்கு வைத்துச் சோதித்து, குறை ஒன்றுமில்லை என்று மாட்டினான். வெடித்திருந்த ரப்பர் குழாயை மாற்றினான். ஸ்டியரிங் பொத்தானைப் பிரித்துத் துடைத்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "தீந்துது அண்ணாச்சி, கொண்டுபோங்க" என்றான். ஒவ்வொரு முறையும் வீடு போய்ச் சேருவதற்குள் பெடல் ஒருமுறையாவது தாழ்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் சஜினுக்கே சலித்துவிட்டது. ஃபியூஸைப் பிடுங்கினான், டப்பாவைக் கழற்றினான், கம்பியைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தான்.

"இனி இந்த வண்டில குரூஸே கெடையாது. உங்க காலு மட்டுந்தான்." துணியில் கையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கட்டா? மாமன் இதுல வச்சா…"

"ஆஸ்பத்திரில. கட்டில்ல."

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்காண்டாம்."

அன்று அந்தி சாயும் நேரம் அவர் மட்டும் வண்டியைக் கணவாய்ப் பக்கம் எடுத்துப்போனார். நாகர்கோவில் நெரிசலில் வண்டியின் குணம் தெரியாது. நாலுவழிச் சாலையில்தான் தெரியும். மேற்கே மலை கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றின. அவற்றின் நிழல்கள் சாலையில் விழுந்து எழுந்து, காருக்குள்ளும் வந்து அவர் மடிமீது ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. காற்று பக்கவாட்டில் தள்ள, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. பச்சை விளக்கு எரியவில்லை. எரிய வழியும் இல்லை. அவர் மூச்சை விட்டு, காலை எடுத்துப் பார்த்தார்.

பெடல் கீழேயே நின்றது.

கம்பி டிக்கியில் கிடக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துரு, அழுக்கு, ஸ்பிரிங் தளர்ச்சி என்று வாய்விட்டு ஒவ்வொரு காரணமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கம் அசைவு தெரிந்தது.

கிளட்ச் தாழ்ந்தது.

அவருடைய இடது கால் தரையில் இருந்தது. கிளட்ச் அடிவரை போனது. நடுவில் கியர்த் தண்டு நாலிலிருந்து நழுவி, ஒரு கணம் தயங்கி, ஐந்தில் விழுந்தது. கிளட்ச் எழுந்தது. துளிக் குலுக்கல் இல்லை. எந்தக் கம்பியும் எந்த டப்பாவும் கியர் மாற்றுவதில்லை. கியர்க் குமிழைத் தொட்டார். சூடாக இருந்தது. இப்போதுதான் ஒரு கை அதை விட்டதுபோல.

சாவியைத் திருகி அணைத்தார். வண்டி ஓடி, தளர்ந்து, ஓரத்தில் நின்றது. காற்றாலைகளின் இரைச்சல். சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறும் ஓசை. தன் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வீட்டு வாசலில் வாழை கட்டியாகிவிட்டது. உள்ளே பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தாணம்மாள் கையில் நாரோடு வந்தாள்.

"வண்டி சரியாச்சா?"

"ஆச்சு."

"மொகம் என்ன இப்பிடி இருக்கு? வெப்ராளமா?"

"காத்து. நீ போயி சோலியப் பாரு."

பின்கட்டுக்குப் போய், வாடகைக் கார் சொல்லலாம் என்று போனை எடுத்தார். எடுத்த கையிலேயே அது அடித்தது. சம்பந்தி. அந்தப் பக்கம் பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் கேட்டது.

"நாளைக்கு மாமன் கார்லதானே? இஞ்ச எல்லாரும் கேக்காவ. எங்க அத்தைக்கு அதச் சொன்னதும் கண்ணு நெறஞ்சுபோச்சு."

கிருஷ்ணமணி முதுகை நிமிர்த்தினார். "அதுல என்ன சந்தேகம்? நானே ஓட்டி வாறேன்."

வேறொருவர் கையில் கொடுக்க மாட்டார். அதுவரைதான் அவரால் இறங்கிவர முடிந்தது.

காலையில் கார் முழுக்க மாலை. ரேஷ்மி பட்டும் நகையுமாகப் பின்னால் ஏறினாள். துணைக்கு அவள் தோழி அஸ்வதி. முன் இருக்கையில் ஏறவந்த தாணம்மாளை, வேனில் வா என்று அனுப்பிவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக்கட்டாமல் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன் இறங்க வேண்டும்.

பாதி வழிவரை ஒன்றுமில்லை. பெடலை அவர் மிதித்தார், அது தாழ்ந்தது. விட்டார், எழுந்தது. பின்னால் இரண்டு பெண்களும் போனில் படம் பிடித்துச் சிரித்தார்கள். வெயில் நல்ல வெயில். மாலைகளின் மணம் மூச்சை அடைத்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். அதோ வளைவுப் பந்தல். நாதஸ்வரம் கேட்கிறது. ஆரத்தித் தட்டோடு பெண்கள். நடுவில் சம்பந்தி, கையை உயர்த்தியபடி.

"அங்கிள், மண்டபம் வந்தாச்சு," என்றாள் அஸ்வதி.

காலை எடுத்தார்.

வேகம் குறையவில்லை.

பிரேக்கை மிதித்தார். பாதத்துக்கடியில் ரப்பர் இல்லை. குளிர்ந்தும், மெத்தென்றும், உள்ளே எலும்போடும் ஏதோ இருந்தது. ஒரு புறங்கால். அவர் மிதித்தது அதன்மேல். அது அசையவில்லை, விலகவும் இல்லை.

காலை உதறி இழுத்தார். இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார்.

பந்தல் வந்தது. தட்டுகள். முகங்கள். சம்பந்தியின் சிரிப்பு, பிறகு சிரிப்பில்லாத வாய். நாதஸ்வரம் இடப்பக்கமாக ஓடிப் பின்னால் போனது.

சாவியைத் திருகினார். உருவினார். சாவி கைக்கு வந்துவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கிளட்ச் தாழ்ந்தது. தண்டு நகர்ந்தது. கிளட்ச் எழுந்தது. துளிக் குலுக்கல் இல்லை.

"அப்பா? மண்டபம் பொறத்த போய்ட்டே." ரேஷ்மியின் மருதாணிக் கை தோளில் விழுந்தது. "காலத் தூக்கி வச்சுட்டு என்னப்பா செய்யுதிய?"

கண்ணாடியில் சம்பந்தி சாலை நடுவே நின்றார், சின்னதாக. கூட்டம் அவரைச் சுற்றித் திரண்டது. எல்லோரும் பார்க்கிறார்கள். கத்த வேண்டும். கதவைத் திறந்து குதியுங்கள் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது.

"ஒண்ணுமில்ல மக்கா," என்றார். "ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

முன்னால் நாலுவழிச் சாலை வெறுமையாக விரிந்தது. வேட்டி இடுப்பில் இழுபடுவதை உணர்ந்து அவர் குனிந்து பார்த்தார். இருக்கையிலிருந்து கீழே தொங்கிய வேட்டியின் சரிகைக் கரை, ஆக்ஸிலேட்டருக்கு முன்னால் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது, ஒரு குதிகால் அகலத்துக்கு. இழுத்தார். விறைத்து நின்றதே தவிர வரவில்லை.

குதிகாலை எடுக்காமலே, நுனிக்காலால் மட்டும் அழுத்துவதுபோல, பெடல் இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தது.