எரியாத பல்பின் கணக்கு

"இந்தப் பல்பு சுத்த மோசடி!"

மின்சார ஆபீஸ் மேஜையில் துணியில் சுற்றிய பல்பை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள் ஹேமாம்புஜம். குடையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த சூப்பர்வைசர் ஸௌந்தரராஜன் தலையைத் தூக்கினான்... தூக்கியவன் எழுதிக்கொண்டிருந்ததை மறந்துபோனான். கோபப்படுகிற கண்கள் இத்தனை அழகாயிருந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

சின்ன காஞ்சிபுரத்துக்குக் கரண்ட் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கம்பெனியில் எஞ்சினை ஓட்டுவார்கள். பகலெல்லாம் கம்பியில் காக்கைதான் உட்கார்ந்திருக்கும்.

"என்ன மோசடி?" என்றான் ஒருவழியாக.

"அறுபது வாட்னு போட்டிருக்கு. எண்ணூறு வாட் இழுக்கறது! நான் பெண்கள் பள்ளிக்கூடத்துல ஸயன்ஸ் டீச்சர். பாட்டரி வச்சு நானே அளந்தேன். மூணு வோல்ட்டுக்கு ஆம்பியர்ல இருபதில் ஒரு பங்கு ஓடித்து. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா தடை அறுபது ஓம். அதுல உங்க இருநூத்தி இருபது வோல்ட்டை விட்டா மூணரை ஆம்பியருக்கு மேல போறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கித்தான் பாருங்கோளேன்!"

அவன் மனசுக்குள் பெருக்கினான். எண்ணூறு! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எண்ணூறு வாட்டா? அப்ப பல்பு மேலயே சோறு ஆக்கிக்கினு இருக்கலாம்மா!" என்றான் பியூன் தணிகாசலம். ஆபீஸே சிரித்தது.

அவள் முகம் சிவந்தது. பல்பைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஸௌந்தரராஜனுக்கு ஓட்டல் சாப்பாடு இறங்கவில்லை. 'வாயை வச்சுண்டு சும்மா இருந்திருக்கலாமோன்னோ... மடையா!' என்று தன்னையே திட்டிக்கொண்டான். மாற்றலாகி வந்து ஆறு மாசமாகிறது. ஊரெல்லாம் விளக்குப் போட்டவனின் அறையில், அவனே போய்த்தான் விளக்கை ஏற்ற வேண்டும்.

மறுநாள் விளக்கு வைக்கும் வேளைக்கு மீட்டர்களும் பல்புமாகப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றான்.

"சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டாமா?"

"வேண்டாம். பல்பை எரிய விட்டு, நீங்களே அளந்து பாருங்கோ."

பள்ளிக்கூடத்து ஆயம்மா செல்லியம்மாள் வாசற்படியிலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் வந்தது. பல்பு மெல்லக் கண் விழித்தது. ஹேமாம்புஜம் குனிந்து மீட்டர் முட்களைப் பார்த்தாள்.

"இருநூறு வோல்ட்... கால் ஆம்பியர். வகுத்தா எண்ணூறு ஓம். பெருக்கினா... ஐம்பது வாட்."

"உங்க கணக்குல தப்பே இல்லை, டீச்சர். அளந்த வேளைதான் தப்பு. உள்ளே இருக்கிற கம்பி ஆறிக் கிடக்கறச்சே தடை அறுபதுதான். எரிஞ்சு சூடேறினா தடையும் ஏறிடும். பகல்ல கரண்ட் இல்லாத ஊர்ல, நீங்க எரியாத பல்பை அளந்துட்டேள்."

அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவனும் சொல்லிக்கொண்டேயிருந்தான். ஒரு தரம் சொன்னால் போதுமானதை மூன்று தரம் சொன்னான்!

"அறுபதுன்னு போட்டுட்டு ஐம்பது வாட்தானே வரது? பாக்கி எங்கே?"

"தெருக்கோடிக்கு வரதுக்குள்ள வோல்ட் இறங்கிடறது. அது எங்க தப்பு. அந்த மட்டும் உங்க சண்டை நியாயம்."

முதல்முறையாக அவள் சிரித்தாள். அவனுக்கு உலகமே லேசாகிவிட்டது. அந்தத் தைரியத்தில், "உங்காத்துல யாரெல்லாம் இருக்கா?" என்று கேட்டுவிட்டான்.

சிரிப்பு நின்றது.

"யாருமில்லை. எட்டு வயசுல கல்யாணம் பண்ணி வச்சா. பத்து வயசுல எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவர் முகம்கூட ஞாபகமில்லை. அப்பா இருந்தவரைக்கும் மெட்ராஸ்ல படிக்க வச்சார். இப்போ ஒரு வாடகை ரூம்ல நான் மட்டும்தான். அடுத்தாத்துக்காரா நல்ல காரியத்துக்குக் கிளம்பறச்சே, கதவைச் சாத்திண்டு உள்ளேயே இருந்துடுவேன்."

அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்... சொல்லவில்லை. கம்பிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டான்.

அதன் பிறகு அவன் வரவில்லை. 'இதுவும் அப்படித்தான்... நீயென்னடி நினைச்சே?' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். சாதத்தை வடித்தாள். ஒருத்திக்கு எத்தனை வடிப்பது? வீட்டுக்காரர் பகுதியில் குழந்தைகள் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் தெப்பமாக நனைந்து வந்து நின்றான் அவன்.

"எங்கே போயிருந்தேள்?" கேட்கக்கூடாது என்றிருந்தவள் கேட்டுவிட்டாள்.

"ஊருக்கு. அம்மாகிட்ட சொல்லாம உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. அன்னிக்குப் பேசாம போனது கோழைத்தனம்தான்."

"அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. எனக்குச் சாதம் போட்டுட்டு முகத்தைத் திருப்பிண்டா. ஒரு வாரமா என்னோட பேச்சே கிடையாது. ஆனா நான் சொல்லிட்டேன்... ஹேமாம்புஜத்தைத்தான் கல்யாணம் பண்ணிப்பேன்னு. அம்மா சம்மதிச்சாங்கிற பொய்யைச் சொல்லி உங்களை அழைச்சுண்டு போக மாட்டேன். இதுதான் நிலைமை. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

அவள் கண்கள் நிறைந்தன.

"நானும் ஒண்ணு சொல்லணும். சூடேறினா தடை ஏறும்னு, நீங்க சிரிச்ச அன்னிக்கே ஆத்துக்குப் போய் புஸ்தகத்துல பார்த்துட்டேன்."

"பின்னே... நான் மூணு தரம் சொன்னேனே! ஏன் பேசாம இருந்தேள்?"

"எதிரே உட்கார்ந்து எனக்குன்னு ஒருத்தர் பேசி எத்தனையோ வருஷமாச்சு. நிறுத்திடுவேளோன்னு பயமாயிருந்தது."

அவன் ஓரடி கிட்டே வந்தான். "ஹேமா..." என்றான்.

"அம்மா முகத்தைத் திருப்பிண்டா திருப்பிக்கட்டும். பேசாத வீடு எனக்குப் புதுசில்லை, நான் வரேன்." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீங்க மட்டும் பேசாம இருந்துடாதீங்கோ... தினமும் பேசணும்."