ஆஸ்டினுக்கு யார் பெட்ரோல் போட்டது?

ஞாயிறு, மாலை 7.05. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பூக்காரி பொன்னியம்மாள் கால் ஒடிந்து கிடந்தாள். இடித்த வண்டி நிற்கவில்லை. "கறுப்பு வண்டி, பழசு" என்று மட்டும் சொல்லிவிட்டு மயங்கிப்போனாள். அவளைச் சுற்றிச் சிதறிய கதம்பத்துக்கு நடுவே ஹெட்லைட் கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது.

திங்கள், காலை 7.10. அஸ்தினாபுரம். நிலபுலன்காரர் தட்சிணாமூர்த்தியின் கார் ஷெட்டில் சப்-இன்ஸ்பெக்டர் ஐசக் அந்தத் துண்டைப் பழைய கறுப்பு ஆஸ்டின் காரின் உடைந்த விளக்கில் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

மாடியில் குடியிருந்த யூனிஸ் டீச்சர் காபி டம்ளரோடு இறங்கி வந்தாள். பெண்கள் பள்ளியில் ரசாயனம் எடுப்பவள். ஒன்பது மணிக்கு முதல் மணி அடித்துவிடும்; ஆனால் போலீஸ்காரர் வாசலில் நிற்கும்போது தலைவாரிக்கொண்டிருக்க அவளால் முடியாது.

"இந்த வண்டிய யார் யார் ஓட்டுவாங்க?" என்றார் ஐசக்.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார் தட்சிணாமூர்த்தி. "டிரைவர் லாசரஸ் ஓட்டுவான். என் தங்கச்சி மகன் குப்புராஜ் ஓட்டுவான், சனிக்கிழமைதான் மயிலாப்பூர்லேருந்து வந்தான். ரிப்பேர் பாக்கிற சாம்பசிவனும் ஓட்டுவார்."

"சாவி?"

"அதோ, ஆணியில. யாரும் எடுக்கலாம்."

தட்சிணாமூர்த்தி ஒரு மரக்குச்சியைத் தூக்கிக் காட்டினார். ஆஸ்டினின் பெட்ரோல் முள் செத்துப் பல வருஷம் ஆகிறது. டாங்க்கில் குச்சியை விட்டு அளப்பதுதான் அவர் வழக்கம். அப்படி ஒரு கஞ்சத்தனம். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் அந்த டாங்க்கில் பெட்ரோல் நின்றதே இல்லை.

"நேத்து நாலு மணிக்கு ரெண்டு விரல். செங்கல்பட்டுல ஒரு கல்யாணத்துக்கு ரயில்ல போயிட்டு எட்டரைக்கு வந்து பாத்தேன். அப்பவும் ரெண்டு விரல்." வண்டி சுவரைப் பார்த்து நின்றதால் உடைந்த விளக்கு அவர் கண்ணில் படவில்லை.

"அப்போ எடுத்தவன் திரும்ப ஊத்தி வெச்சிருக்கான். உங்க குச்சியப் பத்தித் தெரிஞ்ச ஆளு." ஐசக்கின் பார்வை ஷெட் ஓரமாக நின்ற லாசரஸ் மேல் போய் நின்றது. "நேத்து ஏழு மணிக்கு எங்கடா இருந்த?"

"மாதா கோயில்ல சார். ஆறு மணிக்கு வண்டியக் கழுவிட்டு, சாவிய மாட்டிட்டுப் போயிட்டேன். கடைசி பெஞ்ச்."

"யாரு பாத்தா?"

லாசரஸ் யோசித்தான். "வவுறு சரியில்ல சார். பாதியில எழுந்து வூட்டுக்குப் போயிட்டேன். யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

பளார் என்று ஒரு அறை. அடித்தவர் ஐசக் அல்ல, தட்சிணாமூர்த்தி. "பதினோரு வருஷம் சோறு போட்டேனேடா."

ஐசக் கை நீட்டி லாசரஸின் லைசென்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எட்டரைக்கு ஜீப் வரும். ஜீப்பில் ஏறிவிட்டால் வேலை, லைசென்ஸ், மானம் மூன்றும் போய்விடும் என்று யூனிஸுக்குத் தெரியும்.

7.35. சாம்பசிவனும் குப்புராஜும் வந்தார்கள்.

"ஏழு மணிக்கு ஷாப்ல தனியா இருந்தேன். குப்புராஜ் தம்பி வண்டியோட பிரேக்கப் பிரிச்சுப் போட்டிருந்தேன்" என்றார் சாம்பசிவன்.

"நீங்க?"

"தலைவலி. ரூமை விட்டு வரலை" என்றான் குப்புராஜ். "அப்படியே வந்தாலும் இந்த ஓட்டை டப்பாவை யார் தொடுவா? என் வண்டிக்கு சூப்பரைத் தவிர வேற பெட்ரோல் காட்டினதே இல்லை. சாதா ஊத்தினா மேடு ஏறறப்ப எஞ்சின் நாக்கிங் சத்தம் காதைத் துளைக்கும்."

யூனிஸ் காபியைக் கீழே வைத்தாள். எல்லாரும் எவ்வளவு பெட்ரோல் என்றே பேசுகிறார்கள். எந்தப் பெட்ரோல் என்று ஒருவரும் கேட்கவில்லையே. அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மாடிக்கு ஓடி ஒரு ரப்பர் குழாயும் இரண்டு கண்ணாடி டம்ளரும் எடுத்துவந்தாள்.

"குடித்தனக்காரங்களுக்கு இதுல என்ன வேலை?" என்று தட்சிணாமூர்த்தி முறைத்தார்.

"ரெண்டு நிமிஷம் சார். லாசரஸ், பிளக் கழுவ நீ பாட்டில்ல எடுத்து வெச்சிருக்கியே, அது எப்ப வாங்கினது?"

"வெள்ளிக்கிழமை டீச்சர். டாங்க்குக்கு ஊத்தினதுல கொஞ்சம் புடிச்சு வெச்சேன்."

ஒரு டம்ளரில் பாட்டில் பெட்ரோலை ஊற்றினாள். ஆரஞ்சு நிறம். குழாயை டாங்க்கில் விட்டு மற்ற டம்ளரில் பிடித்தாள். நல்ல சிவப்பு.

"சாதாவுக்கு ஆரஞ்சுச் சாயம், சூப்பருக்குச் சிவப்பு. நேத்து ராத்திரி இந்த டாங்க்கில ஊத்தினது சூப்பர்."

"ஒசத்தியானதுதானே? அதனால என்ன?" என்றார் ஐசக்.

"எது ஒசத்திங்கிறது எஞ்சினைப் பொறுத்தது சார். புது எஞ்சின் பெட்ரோலை ரொம்ப அழுத்தும். சாதா அதைத் தாங்காம கண்டபடி பத்திக்கும். அந்தச் சத்தம்தான் நாக்கிங். இந்தக் கிழட்டு ஆஸ்டின் அழுத்தறதே கொஞ்சம். இதுக்கு சூப்பர் தண்டம். அது லாசரஸுக்கும் தெரியும், சாம்பசிவனுக்கும் தெரியும். மறைக்கணும்னா பழையபடி சாதாவைத்தான் ஊத்தியிருப்பாங்க. அவசரத்துல பழக்கதோஷத்துல வாய் தானா சூப்பர்னு கேட்டிருக்கு. அந்தப் பழக்கம் இங்கே ஒருத்தருக்குத்தான் உண்டு."

குப்புராஜ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. ஐசக் கூட வந்த கான்ஸ்டபிளைப் பெட்ரோல் பங்க்குக்குச் சைக்கிளில் விரட்டினார்.

8.25. கான்ஸ்டபிள் பெட்ரோல் பங்க் ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த ஆள் குப்புராஜை ஒரு பார்வைதான் பார்த்தான்.

"இவருதான் சார். ஏழரை இருக்கும். டாங்க் காஞ்சு கெடந்துச்சு. இந்தப் பாட்டன் வண்டிக்கா சூப்பர்னு கேட்டேன். சொன்னதை ஊத்துன்னாரு. குச்சியால வேற அளந்துகினு இருந்தாரு, அதான் மறக்கல."

குப்புராஜ் உட்கார்ந்துவிட்டான். "பல்லாவரத்துல ஒரு சிநேகிதனைப் பாத்துட்டு வந்தேன் மாமா. அந்தம்மா குறுக்க வந்துட்டாங்க. பயத்துல நிறுத்தலை."

ஜீப் வந்தது, குப்புராஜை ஏற்றிக்கொண்டு போனது. போகுமுன் ஐசக் லைசென்ஸை லாசரஸின் சட்டைப் பையில் செருகினார். யூனிஸுக்கு மனசு குதித்தது. பள்ளிக்கூடத்துக்கு இன்று நிச்சயம் தாமதம். போனால் போகிறது என்று நின்றாள்.

தட்சிணாமூர்த்தி ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "ஆத்திரத்துல கை நீட்டிட்டேன் லாசரஸ். மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

லாசரஸ் சாவியை வாங்கவில்லை.

"அடிச்சதுகூடப் பரவால்ல ஐயா. ஒரு பொம்பளைய இட்ச்சிட்டு, நிக்காமப் போற ஆளு நானுன்னு நெனச்சீங்களே" என்று சொல்லிவிட்டு, பொன்னியம்மாள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கான்ஸ்டபிளிடம் கேட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.