தலையில்லாத பறவை

காலை 10.10. இத்தாலியின் சிசிலித் தீவில், பகேரியா நகரின் பழைய வில்லா ஒன்றில் நடுக்கூடத்து மேசை வெறுமையாகக் கிடந்தது. வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் தாத்தா மாஸ்கோவிலிருந்து வந்தவர். தன் நாட்டுப் பழைய கோயில்களின் சாயலில் கூடத்துச் சுவர் முழுக்கச் சிவப்புப் பூங்கொடியும் பொன்கரையும், நடுவில் பெரிய பறவை ஒன்றுமாகத் தீட்டுவித்திருந்தார். பறவையின் தலை எப்போதோ சாந்தோடு உதிர்ந்துவிட்டது. முழு உருவம் தாளில் வரைந்த மூலப் படத்தில் மட்டுமே இருந்தது. நாளை ஓவியர் வந்து தலையைத் தீட்டுவதற்காக, நேற்றுத்தான் சிஞ்ஞோரா அதைப் பெட்டகத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இப்போது அதைக் காணவில்லை.

“கூடத்துச் சாவி நிசாந்தியிடம். பன்னிரண்டு மணிக்குள் படம் வராவிட்டால் பொலிசுக்குப் போவேன்,” என்றார் சிஞ்ஞோரா.

வீடு துடைக்கும் நிசாந்தி, சமையல்காரி பவளராணியின் கூடப்பிறந்த தங்கை. வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் நேரத்தில் பொலிஸ் வழக்கென்றால், இந்த நாட்டில் இருக்கவே விடமாட்டார்கள்.

10.35.

“ஜன்னல் பூட்டினனியோ?”

“நிலம் துடைச்சனான், காயட்டும் எண்டு திறந்து விட்டன், அக்கா. படம் மேல்தாளாலை மூடிக் கிடந்தது. சுவர்க் குருவியின்ர படமாம். அது என்ன இழவு பிடிச்ச குருவியோ!”

11.05. செல்வராசா எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போர் முடிந்து வன்னியிலிருந்து வந்த தோட்டக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர்.

“அண்ணை, அந்தப் படத்தைக் கண்டனீங்களோ?”

“இல்லைப் பவளம். சுவரிலை இருக்கிற குருவியைத்தான் ஜன்னலாலை பாக்கிறனான். பாவம், தனிய நிக்கிறா.”

பவளராணி இரண்டடி போய் நின்றாள். திரும்பியபோது அவள் கண் நிறைந்திருந்தது.

“படத்தைத் தாங்கோ, அண்ணை.”

“என்ன கதைக்கிறாய்?”

“குருவியை எல்லாரும் அது எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் நிக்கிறா எண்டிட்டியள். அப்ப அதுக்குப் பொம்பிளை முகம். சுவரிலை தலையே இல்லை. படத்தைப் பாக்காமல் எப்பிடித் தெரியும்?”

அவர் குழாயை மூடினார். தோட்டக் கருவிகள் வைக்கும் அறையிலிருந்து, காய்ந்த துவாயில் சுற்றியதைக் கொண்டுவந்தார். பறவையின் உடலில் முடி சூடிய ஒரு பெண் முகம்.

“காத்துக்கு மேல்தாள் பறந்தது. பாத்தால் அப்பிடியே என்ர மனுசியின்ர முகம், ஜன்னலாலை இறங்கி எடுத்திட்டன். முள்ளிவாய்க்கால்ல எல்லாம் போச்சு, பவளம். அவவின்ர ஒரு படங்கூட என்னட்டை இல்லை. பழி நிசாந்தியிலை விழுமெண்டு நினைக்கேல்லை.”

11.50. சிஞ்ஞோரா எல்லாவற்றையும் கேட்டார். பொலிசுக்குப் போகவில்லை. ஆனால், “இனி இவர் இங்கே வேண்டாம்,” என்றார். பவளராணி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள், பலிக்கவில்லை. தங்கையைக் காப்பாற்றிய வாயே அவர் வேலையைப் பறித்ததை நினைத்து அவளுக்கு நெஞ்சு வலித்தது.

செல்வராசா பையோடு வாசலில் நின்றார். பவளராணி தன் போனை எடுத்தாள். சிஞ்ஞோராவிடம் கொடுக்குமுன் அந்தப் பெண்முகப் பறவையை அவள் அதில் படம் பிடித்து வைத்திருந்தாள்.

“உங்கடை போனுக்கு அனுப்புறன், அண்ணை. அவவையும் கொண்டு போங்கோ.”