கண்ணை மூடிக்கொண்டு சொன்ன கோள்

பட்டாசுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அம்மாதான். பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று திட்டுவார். அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டுக்குப் போய், அவள் பேசியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள அறையில் சிறுவர் வகுப்பு நடக்கும். பாட்டும் கதையும் முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருவர் இன்னொருவருக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் சுருட்டை வந்த பிறகு அது கெட்டுப்போயிற்று.

சுருட்டைமுடிக்காரி புதிதாகச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா, வேலை பார்த்த கடையில் திருடிவிட்டு ஜெயிலில் இருந்தார். ஊருக்கே தெரிந்த விஷயம் கடவுளுக்குத் தெரியாதோ என்னவோ, பிள்ளைகள் வாராவாரம் அவருக்கு நினைவூட்டினார்கள்.

"ஆண்டவரே, இந்தக் குடும்பத்தின் அக்கிரமத்தை நோக்காமல், இவள் கைகளைச் சுத்திகரித்தருளும்!" என்று ஜெபிப்பான் குட்டிப் பாஸ்டர். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். மற்ற நேரத்தில் நம்மைப் போலத்தான் பேசுவான். ஜெபம் என்றால் மட்டும் மூக்கு வழியாக ஒரு பைபிள் தமிழ் வரும்.

ஒரு வாரம் பட்டாசின் முறை வந்தது. "ஆண்டவரே, சுருட்டை அவ அப்பா மாதிரி ஆயிடாம பாத்துக்கோங்க" என்றாள். நன்றாக ஜெபித்துவிட்டோம் என்று அவளுக்கே பெருமை.

வெளியே செருப்பு மாட்டும்போது சுருட்டை பக்கத்தில் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நான் இனிமே வரல."

"ஏன்? நாங்க எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறோமே!"

"அது ஜெபமா? கண்ண மூடிக்கிட்டு என்னப் பத்தி கோள் சொல்றீங்க. அதுவும் கடவுள்கிட்டயே!"

பட்டாசுக்குச் சுரீரென்றது. சுருட்டையின் வழியை மறித்தாள்.

"அடுத்த வாரம் மட்டும் வாடி. மறுபடியும் யாராவது அப்படிச் சொன்னா, நான் சும்மா இருக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறு சுருட்டை வந்தாள். வட்டத்தில் பட்டாசு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குட்டிப் பாஸ்டர் தொண்டையைக் கனைத்தான். "ஆண்டவரே, திருடனின் மகளாகிய இவளை..."

"நிறுத்து!"

அத்தனை கண்களும் திறந்துகொண்டன.

"ஜெபத்துல குறுக்க பேசலாமா?" என்று டீச்சர் அதட்டினார்.

"ஜெபமா இருந்தா பேச மாட்டேன் டீச்சர். இது கோள்!"

"பெரிய பேச்சு பேசாத. மன்னிப்புக் கேளு. இல்லன்னா வெளிய போ."

"கேக்கறேன் டீச்சர். ஆனா அவன்கிட்ட இல்ல."

பட்டாசு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, போன வாரம் சுருட்டையப் பத்தி உங்ககிட்ட கோள் சொன்னது நான்தான். தம்பி பென்சில ஒளிச்சு வெச்சுட்டு பூனை மேல பழி போட்டதும் நான்தான். மொதல்ல என்னத் திருத்துங்க. சுருட்ட, நீயும் என்ன மன்னிச்சுடு. ஆமென்."

பூனையை நினைத்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சுருட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாராவாரம் நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் மெதுவாக. "தப்பப் பத்திச் சொல்றதா இருந்தா, இனிமே அவங்கவங்க தப்ப மட்டும் சொல்லுங்க."

"நான் ஒரு தப்பும் பண்ணலையே!" என்றான் குட்டிப் பாஸ்டர்.

"டீச்சர், போன வாரம் ஆராதனையில இவன் குறட்டை விட்டான்!" என்று ஒரு வாண்டு கத்தியது.

"ஏய், அதுவும் கோள்தான்!" பட்டாசு திரும்பி முறைத்தாள். "அவனே சொல்லட்டும்."

குட்டிப் பாஸ்டர் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

அப்போது சுருட்டை வாய் திறந்தாள். இத்தனை வாரத்தில் வட்டத்தில் அவள் ஜெபிப்பது அதுதான் முதல் முறை.

"ஆண்டவரே, அங்க ராத்திரியில அப்பாவுக்குக் குளிரும். பாத்துக்கோங்க."

"ஆமென்!" என்றாள் பட்டாசு, சுவர் அதிர. எல்லோரும் சொன்னார்கள்.

ஒரே ஒரு ஆமென் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் அது மூக்கு வழியாக வரவில்லை.