இருபத்தைந்துக்கு மேல் போகாத வண்டி

அவள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் தேநீரின் மேல் ஆடை கட்டியிருந்தது.

நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் தூரம்தான். ஆனால் செருப்பு ஒரு முறை தரையில் தேயும். பிறகு, அடுத்த கால் இனி வரப்போவதில்லை என்று அவன் நினைக்கத் தொடங்கும் நேரத்தில் இன்னொரு முறை தேயும். நொண்டல் இல்லை, வலியில் முனகல் இல்லை, கையிலிருந்த கோப்பையில் ஒரு சிறு அலைகூட இல்லை. அந்த ஒரே சீரான மந்தநடையோடு அவளுடைய கணவனுக்குப் பழக்கமில்லாத ஒரு வாசனையும் வந்தது. மழை விட்டபின் தார்ச்சாலையிலிருந்து எழுமே, அது.

"ஆறிடுச்சேம்மா," என்றான்.

"என்ன அவசரம்?" என்றாள் மனைவி.

கோப்பையை வாங்கியவன் அவள் முகத்தைப் பார்த்தான். அது அவன் சொன்ன சொல். அவள் வண்டி காணாமல் போன மாலையில் போனில் அவளிடம் சொன்னது.

அவன் காப்பீட்டு நிறுவனத்தில் வாகனச் சேதம் மதிப்பிடுகிறவன். நசுங்கிய வண்டிகளைப் படம் எடுப்பதும், எந்த வேகத்தில் வந்து எப்படி மோதியது என்று எழுதிக் கொடுப்பதும்தான் வேலை. ஆகவே மனைவி மின்சார ஸ்கூட்டர் வாங்கியபோது அதன் வேகத்துக்குப் பயப்பட அவனுக்கு ஒரு நல்ல சாக்கு தயாராக இருந்தது. வண்டி அவன் போன் எண்ணில் பதிவாகியிருந்தது. ஷோரூம்காரர் போனில் வண்டியின் செயலியைத் திறந்து காட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குரலைத் தாழ்த்தினார்: "வேகத்தை இங்க குறைச்சு வச்சிக்கலாம் சார். ஓட்டுறவங்களுக்குத் தெரியவே தெரியாது." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போது அவன் அதைத் தொடவில்லை. பரிசோதனைக்கூடத்தில் ரத்த மாதிரி பார்க்கும் அவளை அதுவரை தினமும் தன் பைக்கில் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்தவன் அவன்தான். வண்டி வந்தபின் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள், தோழியோடு கடைக்குப் போனாள், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியேறி வந்தாள். "காத்து மூஞ்சில அடிக்கும்போது எப்படி இருக்கு தெரியுமா?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு என்னவோ பயமாக இருந்தது. அன்று அவள் குளிக்கப் போன நேரத்தில் செயலியைத் திறந்து, வேக வரம்பை இருபத்தைந்தில் வைத்தான். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். இதைத் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டான்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க, ஷோரூம்ல காட்டுவோமா?"

"புது வண்டி. போகப்போகச் சரியாயிடும்."

ஒரு வாரம் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் கிடங்குச் சாலையிலிருந்து போன் செய்தாள். பின்னால் ஏதோ வருகிறது என்றாள். வண்டியா என்று கேட்டான். இல்லை, நடந்துதான் வருகிறது, ஆனால் தூரம் குறைந்துகொண்டே இருக்கிறது, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் வண்டி போகவில்லை என்றாள். போன் அவன் கையில்தான் இருந்தது. விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். ஆனால் இந்த நேரம் பார்த்து வேகம் கூடினால் அவளுக்குப் புரிந்துபோகும். அதை நினைத்தான். அதை மட்டும்தான் நினைத்தான்.

"பிரமையா இருக்கும். மெதுவா வா, என்ன அவசரம்?"

வெகுநேரம் கழித்து அவள் நடந்து வந்தாள். போன் விழுந்துவிட்டது என்றாள். வண்டி எங்கே என்றதற்குப் பதில் சொல்லாமல் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். மறுநாள் விடிந்ததும் அவன் அந்தச் சாலை முழுக்கத் தேடினான். ஒன்றும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போகவில்லை. செயலியில் இடம் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். திறந்தால் இடத்தோடு அந்த எண்ணும் தெரியும். பிறத்தியார் வண்டிகளின் வேகத்தை எழுதிக் கொடுத்தே பிழைப்பவனுக்கு அந்த ஒரு எண்ணைப் பார்க்கத் துணிவில்லை.

அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. தங்கை அவன் போனில் அழைத்தபோது பேசவில்லை. வீட்டுக்குள் நடந்தாள், அவ்வளவுதான். குப்பை கொட்டக் கீழே போய்விட்டுப் படியேறுவதைப் பார்த்த குடியிருப்புக் காவலாளிகூட, "என்ன சார், வண்டிக்குப் பதிலா அம்மாவுக்குச் சார்ஜ் இறங்கிடுச்சா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். அவனும் சிரித்துவைத்தான். படுக்கையில் அவள் அவன் பக்கம் திரும்பியே படுத்தாள். எப்போது விழித்தாலும் கண் திறந்திருந்தது. அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பான்.

ஆடை கட்டிய தேநீரை அப்படியே வைத்துவிட்டு, அவள் மீண்டும் சமையலறைக்குள் போய்ச் சேரும்வரை காத்திருந்து, அவன் செயலியைத் திறந்தான். வரம்பை எடுத்துவிட வேண்டும், பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இனி தாங்காது.

வரைபடம் மெல்ல விரிந்தது. கிடங்குச் சாலை. அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி. நகர்ந்துகொண்டிருந்தது.

ஓட்டத்தில் உள்ளது. வேகம், இருபத்தைந்து.

திருடன்தான் என்று நினைத்தான். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நேரம் போன் அடித்தது. திரையில் 'வீட்டம்மா' என்று வந்தது.

"என்னங்க..."

காற்றின் இரைச்சல். அதற்குள் மூச்சிரைப்பு.

"இந்த ரோடு முடியவே மாட்டேங்குதுங்க. எவ்வளவு நேரமா ஓட்டுறேன். விடியவே மாட்டேங்குது. வண்டி இழுக்கல."

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். சுவரில் அவள் நிழல். பாத்திரம் கழுவும் சத்தம். ஒரு பாத்திரம். நீண்ட இடைவெளி. இன்னொரு பாத்திரம்.

"நீ... நீ எங்கம்மா இருக்க?"

"சொன்னேனே, கிடங்கு ரோட்டுல. பின்னாடி வந்துச்சே, அது என்னைத் தாண்டிப் போயிடுச்சுங்க. நம்ம வீட்டுப் பக்கமாத்தான் போச்சு."

 வேறு எதையும் சொல்ல வராமல், அந்த ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"நான்தாம்மா. வேகத்தை நான்தான் குறைச்சு வச்சேன்."

 கோபமே இல்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னாள்:

"தெரியும்ங்க. இப்பவாவது கூட்டுங்க."

அழுதுகொண்டே விரலால் தள்ளினான். கடைசிவரை தள்ளினான். புள்ளி ஒரு கணம் நின்றது. பிறகு பாய்ந்தது. நாற்பது. ஐம்பது. அறுபத்தைந்து.

"போகுதுங்க!" என்று கத்தினாள். சிரித்தாள். அவன் பயந்த அதே சிரிப்பு. இப்போது உயிரைக் கொடுத்தாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் இணைப்பு அறுந்தது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

செருப்பு ஒரு முறை தேய்ந்தது. உடனே இன்னொரு முறை. இடைவெளி இல்லை. உடனே இன்னொன்று. தேயவில்லை இப்போது. அடித்தது. சடசடவென்று.

திரும்பினான். தார் வாசனை முகத்தில் மோதியது. அவ்வளவுதான் தெரிந்தது. அவள் அவனைக் கடந்து போயிருந்தாள். கூடத்தின் அந்தக் கோடியில், வாசல் கதவில் முதுகைச் சாய்த்து, அவனைப் பார்த்து நின்றாள். மூச்சு வாங்கவில்லை.

கீழே தெருவில் வண்டி வந்து நிற்கும் மெல்லிய ரீங்காரம். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டும் சத்தம். படிகளில் ஓட்டம். தெரிந்த ஓட்டம்.

கத்த வேண்டும். வராதே என்று கத்த வேண்டும். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"என்னங்க, வந்துட்டேன். கதவைத் திறங்க."

உள்ளே நின்றவள் அவனிடமிருந்து கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாழை விலக்கினாள்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடுக்கு வழியே வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நுழைந்தது. பரிசோதனைக்கூடத்துச் சாயம் நகக்கண்ணில் படிந்த, அவனுக்குத் தெரிந்த கை. வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதியோடு கதவின் விளிம்பைப் பிடித்தது.

அதன்மேல், உள்ளிருந்து, இன்னொரு கை மூடியது. அதே விரல்கள். அதே நகம். அதே சாயம்.

ஒன்று நடுங்கத் தொடங்கியது. மற்றது நடுங்கவில்லை.